லண்டன் ஃபவுண்ட்லிங் மியூசியம்: ஒரு நர்ஸின் பார்வையில்

ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் டவர் பாலம், அரண்மனை, பிரிட்டிஷ் மியூசியம் என்றுதான் கூட்டிப் போவோம். அதெல்லாம் முடிந்த பிறகு ஒரு அரைநாள் கையில் இருந்தால் நான் போகச் சொல்லும் இடம், பிரன்ஸ்விக் ஸ்கொயரில் இருக்கும் ஃபவுண்ட்லிங் மியூசியம். ஃபவுண்ட்லிங் என்றால் பெற்றோர் கைவிட்ட குழந்தை. அப்படிப்பட்ட குழந்தைகளுக்காக இருந்த ஒரு பழைய காப்பகத்தின் கதையைச் சொல்லும் இடம் இது. பிக்கடில்லி லைனில் ரஸல் ஸ்கொயரில் இறங்கினால் சில நிமிட நடை. ராஜா ராணிகளின் இங்கிலாந்தை எங்கே பார்த்தாலும் தெரிந்துகொள்ளலாம். பெற்ற பிள்ளையை வளர்க்க வழியில்லாமல் நின்ற பெண்களின் இங்கிலாந்தை இவ்வளவு கிட்டத்தில் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

நான் பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். அதனால் இந்த இடம் என்னை மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொண்டிருக்கலாம்.

தாமஸ் கோரம் என்ற கப்பல் கேப்டன், கடல் வாழ்க்கை முடிந்து லண்டனில் குடியேறியபோது, தெருவோரங்களில் குழந்தைகள் கிடப்பதைப் பார்த்தார். சில உயிரோடு, சில உயிரில்லாமல். அவர்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 17 வருடம் அலைந்தார். இப்படி ஒரு இடம் வந்தால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று பெரிய மனிதர்கள் ஒதுங்கினார்கள். கடைசியில் அவர் பிரபு குடும்பத்துப் பெண்களிடம் போனார். 21 பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகுதான் ஆண்களின் கதவுகளும் திறந்தன. 1739ல் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் அனுமதிப் பத்திரம் கொடுத்தார். அந்தப் பெண்களை நினைவில் வைத்துக்கொண்டு சுற்றிப் பாருங்கள், பல விஷயங்கள் வேறு மாதிரி தெரியும்.

1741 மார்ச் 25 இரவு முதன்முதலாகக் கதவைத் திறந்தார்கள். 30 குழந்தைகளோடு இடம் நிறைந்துவிட்டது. வெளியே அதற்கு மேல் கூட்டம். அடுத்த வருடமே குலுக்கல் முறை வந்துவிட்டது. தாய் ஒரு பைக்குள் கையை விட்டு ஒரு பந்தை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால், குழந்தைக்கு நோய் இல்லை என்று பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்வார்கள். சிவப்பு வந்தால் காத்திருக்கவேண்டும். வெள்ளை எடுத்த குழந்தை ஏதாவது நிராகரிக்கப்பட்டால் அந்த இடம் கிடைக்கலாம். கறுப்பு வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகவேண்டியதுதான். யாருக்கும் சலுகை காட்டக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்த விதி. ஆனாலும் அதைப் படித்துவிட்டு என்னால் உடனே அடுத்த பெட்டிக்கு நகர முடியவில்லை.

தரைத்தளத்தில் இருக்கும் அடையாளப் பொருட்கள்தான் இந்த மியூசியத்தின் உயிர். உள்ளே எடுக்கப்பட்ட குழந்தைக்கு ஒரு எண் கொடுத்து, புதுப் பெயர் வைத்து ஞானஸ்நானம் செய்துவிடுவார்கள். தாயின் பெயரைக் கேட்பதில்லை. பிறகு ஒருநாள் வந்து பிள்ளையைக் கேட்டால், இவள்தான் தாய் என்று எப்படித் தெரியும்? அதற்காக ஏதாவது ஒன்றை விட்டுப்போகச் சொன்னார்கள். தேய்த்து எழுத்துப் பொறித்த காசு, மோதிரம், ஒரு கொட்டையின் ஓடு. ஒன்றுமே இல்லாதவர்களுக்குக் குழந்தையின் சட்டையிலிருந்தே ஒரு துண்டுத் துணியை வெட்டிப் பதிவுத்தாளில் குத்தி வைத்தார்கள். எங்கள் வார்டில் குழந்தையின் காலில் கட்டும் பட்டையில் முதலில் எழுதுவது தாயின் பெயரைத்தான். இங்கே அந்த வேலையைச் செய்தது ஒரு கொட்டை ஓடு.

என் மாமியார் அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவே இல்லை. "ஏம்மா, இதுல யாராச்சும் திரும்பி வந்தாங்களா?" என்று கேட்டார். "வந்தாங்க அத்தை, ஆனா ரொம்பக் கொஞ்சப் பேர்" என்றேன். 1741 முதல் 1760 வரை சேர்ந்தவர்கள் 16,282 குழந்தைகள். தாயோ உறவினரோ வந்து மீட்டுக்கொண்டு போனது 152 பேரை மட்டும். பிறகு அவருக்கு சாரா பெண்டரின் கதையைச் சொன்னேன். 1767 பிப்ரவரியில் சேர்க்கப்பட்ட ஒரு பையன், எண் 16516. ஒட்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்து, மேலே ஒரு இதயம் பின்னி, அதை நடுவில் வெட்டி, பாதியை அவனோடு விட்டுப்போனாள் அம்மா சாரா. காப்பகம் அவனுக்கு பெஞ்சமின் ட்விர்ல் என்று பெயர் வைத்தது. 1775 ஜூனில் அவள் வந்து பிள்ளையைக் கூட்டிப் போனாள். எட்டு வருடம்! என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ இருந்திருக்காளே, அது போதும்" என்றார்.

பெட்டிகளில் இருக்கும் பொருட்களைப் பார்க்கும்போது இன்னொன்றையும் மனதில் வைக்கவேண்டும். 1860களில் அன்றைய நிர்வாகிகள் பார்வைக்கு வைப்பதற்காக இவற்றைப் பதிவுத்தாள்களிலிருந்து பிரித்து எடுத்துவிட்டார்கள். எந்தப் பொருள் எந்தக் குழந்தையுடையது என்ற தொடர்பு அறுந்தது. ஆராய்ச்சியாளர்கள் பொறுமையாகத் தேடிப் பலவற்றை மறுபடி இணைத்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்கு நான் மனசாரக் கும்பிடு போடுகிறேன்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. 1756ல் நாடாளுமன்றம் பணம் கொடுத்து, வரும் குழந்தைகள் எல்லோரையும் சேர்க்கச் சொன்னது. நான்கே வருடத்தில் கிட்டத்தட்ட 15,000 குழந்தைகள் வந்தார்கள். சுமார் மூன்றில் இரண்டு பங்கு இறந்துபோனார்கள். 1760ல் எல்லோரையும் சேர்க்கும் அந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டது. இந்த நான்கு வருடத்துக்குத் தனியாக ஒரு முழு அறையே கொடுத்தாலும் தகும் என்பது என் கருத்து. நல்ல மனசு மட்டும் போதாது. பால் கொடுக்கப் போதுமான செவிலித்தாய்களும் தங்க இடமும் வேண்டும் என்பதை அந்த எண்கள் சொல்கின்றன.

பிழைத்தவர்களின் கதையும் லேசானது இல்லை. கிராமத்தில் ஒரு செவிலித்தாயிடம் ஐந்து வயது வரை வளர்வார்கள். அவளைத்தான் அம்மா என்று நினைத்திருப்பார்கள். அங்கிருந்து பிரித்து லண்டனுக்குக் கொண்டுவந்து, பழுப்புச் சீருடை மாட்டி, வளர்ந்ததும் பையன்களைக் கடலுக்கோ தொழில் பழகவோ, பெண்களை வீட்டு வேலைக்கோ அனுப்பினார்கள். இந்த முறை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. அங்கே வளர்ந்து முதியவர்களானவர்களின் குரல் பதிவுகளைக் கேட்காமல் மாடிக்குப் போகாதீர்கள்.

மாடியில் ஓவியர் ஹோகார்த் 1740ல் வரைந்த கோரம் படம் இருக்கிறது. சிவப்புக் கோட்டு, விக் இல்லாத நரைத்த தலை. பிரபுக்களுக்கு மட்டும் வரையும் பாணியில் ஒரு சாதாரணக் கேப்டனை உட்காரவைத்திருக்கிறார். ஹோகார்த் பேச்சைக் கேட்டு மற்ற ஓவியர்களும் படங்களைத் தானமாகக் கொடுக்க, அவற்றைப் பார்க்கப் பணக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் குழந்தைகளுக்குப் பணமும் கொடுத்தார்கள். பழைய காப்பகக் கட்டடத்தை 1920களில் இடித்தபோது காப்பாற்றிய நிர்வாகிகள் அறையையும் அதன் அலங்காரக் கூரையோடு இங்கே மறுபடி பொருத்தியிருக்கிறார்கள். மேல்தளம் இசையமைப்பாளர் ஹாண்டலுக்கு. 1750 முதல் தன் 'மெசையா' என்ற இசைப்படைப்பை இந்தக் குழந்தைகளுக்காக நடத்தி நிதி திரட்டியவர். அதன் இசைப்பிரதி ஒன்றையும் உயிலில் இவர்களுக்கு எழுதிவைத்தார். ஒலிபெருக்கி பொருத்திய நாற்காலியில் சாய்ந்து அந்த இசையைக் கேட்கலாம். நடந்து களைத்த பெரியவர்களுக்கு நல்ல இடம்.

திங்கட்கிழமை விடுமுறை. இரண்டு மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள், நேரம் குறைவென்றால் தரைத்தளத்திலேயே செலவிடுங்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் பக்கத்தில் இருக்கும் கோரம்ஸ் ஃபீல்ட்ஸ் பூங்காவையும் சேர்த்துக்கொள்ளலாம், அது பழைய காப்பகம் நின்ற நிலம். கூடவே ஒரு குழந்தை இல்லாமல் பெரியவர்களை அங்கே உள்ளே விடமாட்டார்கள்.