ஹார்மோன் பேட்ச்: மருந்துக்கு முழு மதிப்பெண், பசைக்குப் பாதி

இடுப்புக்குக் கீழே, உடுப்பின் எலாஸ்டிக் படாத இடமாகப் பார்த்து, வாரத்துக்கு இரண்டு முறை ஒட்டிக்கொள்ள வேண்டிய மெல்லிய பிளாஸ்டிக் துண்டு. எஸ்ட்ரடியோல் பேட்ச் என்பார்கள். மெனோபாஸை ஒட்டி உடம்பில் குறையும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை (எஸ்ட்ரடியோல் அதில் ஒரு வகை) தோல் வழியே உள்ளே இறக்குவது இதன் வேலை. ஒரு வருடத்துக்கு மேலாக என் அடிவயிற்றில் ஏதாவதொரு பக்கம் இது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைப் பற்றி இணையத்தில் நான் படித்தவை இரண்டே வகை. ஒன்று, ‘என் வாழ்க்கையே மாறிவிட்டது’. இன்னொன்று, ‘கேன்சர் வரும், கிட்டேயே போகாதே’. ஒட்டினால் நிற்குமா, குளித்தால் கழன்று வருமா, எடுத்த பிறகு தோலில் படியும் கறுப்பை எப்படித் துடைப்பது என்று ஒருத்தரும் எழுதவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

எனக்கு வயது 48. பீரியட்ஸ் இன்னும் முழுதாக நிற்கவில்லை. வரும், வராது, வந்தால் விடாது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. அதற்கு முந்தைய இந்த இழுபறிக் காலம்தான் பெரிமெனோபாஸ். மருத்துவப் புத்தகத்தில் இதை ஒரு வரியில் முடித்துவிடலாம். உடம்பில் அப்படி முடியாது.

ஹாட் ஃப்ளாஷ் வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வராதவர்களுக்காகச் சொல்கிறேன். நெஞ்சில் ஆரம்பிக்கும். கழுத்து, காது, உச்சந்தலை என்று மேலே ஏறும். மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும். மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்பது காதில் விழும், பதில் மட்டும் வாய்க்கு வராது. சில நிமிடங்களில் அடங்கிவிடும். அப்புறம் நனைந்த உடையோடு குளிர ஆரம்பிக்கும். பகலில் இதைச் சமாளித்துவிடலாம், ராத்திரியில்தான் ஆளை அடித்துப்போட்டுவிடும். விடிகாலை மூன்று மணிக்குத் தலையணை உறை ஈரமாகி விழித்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. என் வீட்டுக்காரர் போர்வையைத் தேடுவார், நான் ஃபேனை ஏற்றுவேன்.

இதற்கெல்லாம் காரணம் மூளையில் இருக்கிறது. ஹைப்போதலாமஸ் பகுதியில் உடல்வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும் நரம்பணுக்கள், ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கட்டுக்கடங்காமல் துள்ளுகின்றன. உடம்பு இம்மியளவு சூடேறினாலும் ‘ஐயோ கொதிக்கிறது’ என்று முடிவு கட்டி, தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்டு வியர்வையைத் திறந்துவிடுகின்றன. உண்மையில் கொதிப்பது ஒன்றுமில்லை. இதைத் தெரிந்துகொண்டதில் எனக்கு ஒரு லாபம்: கழுத்தில் மாட்டும் குட்டி ஃபேன், குளிர்ச்சி தரும் ஜெல் மெத்தை விரிப்பு, ‘மெனோபாஸ்’ என்று ஊதா நிறத்தில் அச்சடித்த மூலிகைக் கேப்சூல் இவற்றையெல்லாம் எதற்கு வாங்கினோம் என்று யோசிப்பதை நிறுத்திவிட்டேன். ஃபேன் சுகமாக இருக்கும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது தோலைக் குளிர்விக்கிறது, மூளையில் மாட்டியிருக்கும் மணியை நிறுத்துவதில்லை. மூலிகைக் கேப்சூலில் இருந்தது பிளாக் கோஹோஷ். இதை ஆராய்ந்த சோதனைகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த கோக்ரேன் ஆய்வு, பயன் உண்டு என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றது. அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. ‘இயற்கையானது’ என்று அட்டையில் போட்டிருந்தால் நம் ஆட்கள் கேள்வியே கேட்கமாட்டார்கள்.

பரிசோதனை விஷயம் இன்னொன்று. எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனின் அளவை வீட்டிலேயே பார்க்கும் கிட் விற்கிறார்கள். பெரிமெனோபாஸில் அந்த அளவு இன்றைக்கு ஏறும், அடுத்த வாரம் இறங்கும். 45 வயதைத் தாண்டிவிட்டால் அறிகுறிகளையும் பீரியட்ஸின் போக்கையும் கேட்டே டாக்டர் முடிவு செய்துவிடலாம். அந்தப் பணம் மிச்சம்.

சரி, பேட்சுக்கு வருகிறேன்.

மாத்திரையாக விழுங்கினால் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. ரத்தம் உறைய உதவும் புரதங்களைக் கல்லீரல் அப்போது கூடுதலாகச் செய்கிறது. ரத்தக்கட்டி ஆபத்து மாத்திரையில் கொஞ்சம் ஏறுவதற்குக் காரணம் இதுதான். தோல் வழியே போனால் அந்தச் சுற்று இல்லை. வழக்கமான அளவுகளில் பேட்ச் அந்த ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. எனக்கு உடல் எடை அதிகம், ரத்த அழுத்தமும் உண்டு. அதனால் டாக்டர் அம்மா மாத்திரைப் பேச்சையே எடுக்கவில்லை.

பெட்டியில் 25, 50, 75, 100 என்று எண் இருக்கும். 24 மணி நேரத்தில் உடம்புக்குள் இறங்கும் மைக்ரோகிராம் அளவு அது. எனக்கு 25இல் தொடங்கி, சில வாரம் பார்த்துவிட்டு, 50க்கு ஏற்றினார். 25இல் ராத்திரி வியர்வை பாதி குறைந்தது. 50இல் கிட்டத்தட்ட நின்றது. ஒட்டிய மறுநாளே அற்புதம் நடக்கும் என்று காத்திருக்காதீர்கள். சில வாரம் பிடிக்கும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகலாம். முதலில் திரும்பி வந்தது தூக்கம். மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தது. மனநிலை, கவனம், ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுவது எல்லாமே.

இனி ஒட்டும் கதை. மருந்து தனியாக ஒரு பையில் இல்லை, பசைக்குள்ளேயே கலந்திருக்கிறது. ஓரம் தூக்கிக்கொண்டால் அந்தப் பகுதி மருந்தும் தோலைத் தொடுவதில்லை. பசை விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பது அதனால்தான். நான் செய்வது இது: குளித்து, துடைத்து, தோல் நன்றாக உலர்ந்து ஆறும்வரை பொறுப்பேன். அந்த இடத்தில் எண்ணெய், லோஷன், பவுடர் எதுவும் கூடாது. பாதுகாப்புத் தாளில் ஒரு பாதியை மட்டும் உரித்து, விரல் பசையில் படாமல் ஒட்டிவிட்டு, மறுபாதியை இழுப்பேன். பிறகு உள்ளங்கையை வைத்து, பத்து வரை எண்ணி அழுத்துவேன். உள்ளங்கைச் சூட்டில்தான் பசை பிடிக்கிறது. கடைசியில் ஓரத்தைச் சுற்றி ஒரு விரல் ஓட்டம். மார்பகத்தில் ஒட்டக் கூடாது. அடிவயிறும் புட்டமும் சரியான இடங்கள். இடுப்பில் நாடாவோ எலாஸ்டிக்கோ உரசும் கோட்டில் ஒட்டினால் ஒரே நாளில் சுருட்டிக்கொண்டு வந்துவிடும். ஒவ்வொரு முறையும் இடம் மாற்ற வேண்டும், ஒரு வாரத்துக்காவது அதே இடத்துக்குத் திரும்பக் கூடாது. நான் ஞாயிறு வலது பக்கம், புதன் இரவு இடது பக்கம் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

குளிக்கலாம், கழன்று வராது. நிறைய வியர்க்கும் நாட்களில்தான் தகராறு. வியர்வைக்கு மருந்தாக ஒட்டுவது வியர்வையிலேயே கழன்று வருகிறது என்பதைச் செய்தவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை. கழன்றால் அதையே திரும்ப அழுத்திப் பார்க்கலாம். ஒட்டாவிட்டால் புதியதை ஒட்டிவிட்டு, பழைய கிழமைக் கணக்கிலேயே தொடர வேண்டும்.

எடுத்த பிறகு தோலில் ஒரு சதுரக் கோடு நிற்கும். பசையின் ஓரத்தில் உடையின் நூல்தூசி படிந்து கறுப்பாகும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் தோல்தான் சிவக்கிறது. கொஞ்சம் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு, ஒரு நிமிடம் ஊறவிட்டு வழித்தால் வந்துவிடுகிறது. புதிய பேட்ச் ஒட்டப்போகும் இடத்தில் மட்டும் அந்த எண்ணெய் படக் கூடாது. எனக்கு லேசான அரிப்பு உண்டு, எடுத்த மறுநாள் போய்விடும். தோலே தடித்துக் கொப்புளிக்கிறவர்கள் கம்பெனி மாற்றிப் பார்க்கலாம், பசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பழைய பேட்சில் மருந்து இன்னும் மிச்சமிருக்கும். பசைப்பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தைக்கும் வளர்ப்புப் பிராணிக்கும் எட்டாமல் குப்பையில் போடுங்கள். டாய்லெட்டில் போடாதீர்கள்.

பேட்ச் மட்டும் வாங்கினால் பாதி மருந்துதான் வாங்கியிருக்கிறீர்கள். கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தால் அதன் உட்சுவர் தடித்துக்கொண்டே போகும், அது கர்ப்பப்பைப் புற்றுநோயில் போய் முடியலாம். அதைத் தடுக்கத்தான் புரோஜெஸ்டரோன். மெனோபாஸ் முடிந்தவர்களுக்குத் தினமும் இரவு 100 மில்லிகிராம் கேப்சூல் என்பது வழக்கம். என்னைப் போல் இன்னும் பீரியட்ஸ் வருகிறவர்களுக்கு மாதத்தில் 12 இரவாவது 200 மில்லிகிராம், அது முடிந்ததும் ரத்தப்போக்கு வரும். இந்தக் கேப்சூலுக்குத் தனியாக நட்சத்திரம் கொடுக்கலாம். விழுங்கினால் கண் சொருகும். அதனால்தான் படுக்கும்போது எடுக்கச் சொல்கிறார்கள். சிலருக்கு அதே கேப்சூல் மறுநாள் காலை தலைபாரமும் மனச்சோர்வும் தரும். எனக்கு மார்பக வலி மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. சில கம்பெனிக் கேப்சூலில் நிலக்கடலை எண்ணெய் இருக்கும், ஒவ்வாமை உள்ளவர்கள் அட்டையைப் படிக்க வேண்டும். இன்னொன்று, இந்த இரண்டும் சேர்ந்தாலும் கருத்தடை ஆகாது. பெரிமெனோபாஸில் கர்ப்பம் தரிக்கலாம்.

பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் விவரத்தாளுக்கு வருவோம். அதைப் படித்தால் பேட்சை ஒட்டக் கை வராது. பயத்தின் வேர் 2002இல் இருக்கிறது. அமெரிக்காவில் நடந்த டபிள்யூ.ஹெச்.ஐ. என்ற பெரிய பெண்கள் நல ஆய்வின் ஒரு பகுதியை அந்த ஆண்டு பாதியில் நிறுத்தினார்கள். இரண்டு ஹார்மோன்களையும் சேர்த்து எடுத்தவர்களில் மார்பகப் புற்றுநோய் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் வீதம் கூடியிருந்தது. செய்தியில் அந்த எட்டு வரவில்லை, ‘கேன்சர்’ மட்டும் வந்தது. அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. கொடுத்தது குதிரைச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும், மெட்ராக்ஸிபுரோஜெஸ்டரோன் என்ற செயற்கை ஹார்மோனும். என் வயதும் வேறு, மருந்தும் வேறு. 60 வயதுக்குள், அல்லது மெனோபாஸ் ஆகிப் பத்து வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு ஆபத்தைவிடப் பலன் அதிகம் என்பதுதான் இன்றைய மருத்துவ நிலைப்பாடு. ஆபத்து பூஜ்யம் என்று யாரும் சொல்லவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 நவம்பரில், விவரத்தாளில் கறுப்புக் கட்டம் கட்டி அச்சிடும் பழைய கடும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக அறிவித்தது. கர்ப்பப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுப்பது பற்றிய எச்சரிக்கை அப்படியே இருக்கும். இருக்கத்தான் வேண்டும்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருப்பவர்கள் இதைத் தாங்களாகத் தொடவே கூடாது. அவர்களுக்கு வழி இல்லாமலும் இல்லை. 2023இல் எஃப்.டி.ஏ. ஒப்புதல் பெற்ற ஃபெசோலினெடன்ட் ஹார்மோனே இல்லை. நான் மேலே சொன்ன துள்ளும் நரம்பணுக்களை நேரடியாக அடக்குகிறது. கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் இது பெரும்பாலும் ஒத்துவராது, மற்றவர்களுக்கும் கல்லீரல் பரிசோதனை தேவைப்படும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பராக்ஸெட்டின் குறைந்த அளவில், நரம்புவலிக்குக் கொடுக்கும் கபாபென்டின், அறிதல்-நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுவழிச் சிகிச்சை இவையும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்ஸிஃபென் எடுப்பவர்களுக்கு மட்டும் பராக்ஸெட்டின் ஒத்துவராது, அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும்.

பேட்ச் செய்யாதவை: எடை குறையவில்லை. தலைமுடி திரும்ப முளைக்கவில்லை. தோள்பட்டை இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது, பேட்சாலா உடற்பயிற்சியாலா என்று பிரிக்க முடியவில்லை. கீழே வறட்சி, எரிச்சல், அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்று, இதற்கு அது போதவில்லை. உள்ளே வைக்கும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தனியாக எழுதிக்கொடுத்தார். அது அந்த இடத்தில் மட்டும் வேலை செய்கிறது, ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. ஹாட் ஃப்ளாஷ் நாளாவட்டத்தில் தானே போகும், இந்த வறட்சி வைத்தியம் பார்க்காவிட்டால் போகாது. பெண்கள் ஒருவருக்கொருவர்கூட வாய்திறக்காத விஷயம் இது.

யாருக்கு வாங்கச் சொல்வேன்? தூக்கம் கெட்டு, வேலை கெட்டு, அறிகுறிகளால் அவதிப்படுகிறவர்கள் டாக்டரிடம் பேர் சொல்லிக் கேட்கலாம். எப்போதோ லேசாகச் சூடேறுகிறது என்பவர்களுக்கு அவசியமே இல்லை. ‘இன்னும் கொஞ்ச நாள்தானே, பொறுத்துக்கொள்’ என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு: அமெரிக்காவில் பல ஆண்டுகள் பெண்களைப் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி ஹாட் ஃப்ளாஷ் வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 வருடத்துக்கு மேல் நீடித்தது.

ஜெல்லும் கிடைக்கிறது. கையிலோ தொடையிலோ தடவி உலரவிட வேண்டும், பசைத் தொல்லை இல்லை. ஆனால் தினமும் தடவ வேண்டும், தடவிய இடம் குழந்தைகள் மேல் படக் கூடாது. எனக்கு மறதி அதிகம், அதனால் பேட்சோடு இருக்கிறேன். பேட்ச் திடீரென்று சந்தையில் தட்டுப்படாமல் போகும் காலங்கள் வருகின்றன. ஒரு பெட்டி கையில் இருக்கும்போதே அடுத்ததைச் சொல்லிவைக்கிறேன். கிடைக்காவிட்டால் ஜெல் எவ்வளவு போட வேண்டும் என்பதையும் மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிவிட்டேன்.