சிலிக்கா சேர்த்த சிலிக்கோன் ரப்பர்: ஏழாண்டுப் பயன்பாட்டு அனுபவம்

வால்வுகளுக்கான டயாஃப்ரம் சவ்வுகளையும் மூடிகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுகளையும் ஏழு ஆண்டுகளாகச் சிலிக்கோன் ரப்பரில் செய்து வருகிறேன். எந்தக் கனிமத் தூளைச் சேர்த்தாலும் ரப்பர் வலுப்பெறும் அளவுக்கு விறைத்தும் போகும் என்றுதான் தொடக்கத்தில் நம்பினேன். அந்த நம்பிக்கையை மாற்றியது, சுடரில் உண்டாக்கப்படும் மிக நுண்ணிய சிலிக்காத் தூளான ஃபியூம்டு சிலிக்கா.

ஃபில்லர் எனப்படும் நிரப்புத் தூள் சேராத சிலிக்கோன் ரப்பரின் இழுவலிமை அரை மெகாபாஸ்கல் அளவிலேயே நிற்கும். அச்சிலிருந்து உரிக்கும்போது நகம் பட்டாலே கிழிந்துவிடும். முதலில் சில மைக்ரான் பருமனுள்ள கால்சியம் கார்பனேட்டைச் சேர்த்துப் பார்த்தேன். கடினத்தன்மை கூடியதே தவிர வலிமை போதுமான அளவு கூடவில்லை. வளைத்த இடம் வெளுத்தது. சவ்வுகள் சில வாரங்களில் அதே கோட்டில் வெடித்தன. துகளுக்கும் ரப்பருக்கும் இடையே போதிய பற்று இல்லாதபோது, இழுக்கும் வேளையில் துகளைச் சுற்றி வெற்றிடம் உண்டாகி, விரிசல் அங்கிருந்தே தொடங்குகிறது.

அதன்பின், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 200 சதுர மீட்டர் பரப்புடைய ஃபியூம்டு சிலிக்காவை, எடையில் நூறு பங்கு ரப்பருக்கு 30 பங்கு வீதம் உருளை மில்லில் அரைத்துச் சேர்த்தேன். இழுவலிமை பத்து மடங்குக்கும் மேல் உயர்ந்தது. அதைவிட வியப்பளித்தது, அறுபடும் முன் நீளும் அளவும் கூடவே உயர்ந்ததுதான். சிலிக்காவின் பரப்பிலுள்ள சிலனால் தொகுதிகள் (சிலிக்கான் அணுவோடு இணைந்த OH தொகுதிகள்) சிலிக்கோன் சங்கிலிகளின் ஆக்சிஜன் அணுக்களோடு ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கின்றன. இப்பிணைப்பு அவிழ்ந்து மீண்டும் சேரக்கூடியது என்பதால், விசை மிகும் இடத்தில் சங்கிலி அறுந்துவிடாமல் சற்று வழுக்கிச் சுமையை அண்டைச் சங்கிலிகளுக்குப் பகிர்ந்துவிடுகிறது.

சேமிப்பில் தொல்லை கொடுத்ததும் இதே பற்றுதான். அரைத்து வைத்த கலவை நாளாக நாளாக இறுகியதால், அச்சில் இடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் மீண்டும் மில்லில் இட வேண்டியிருந்தது. ஹெக்சாமெத்தில்டைசிலசேன் என்னும் வேதிப்பொருள் கொண்டு பரப்பைப் பதப்படுத்திய சிலிக்காவுக்கு மாறிய பிறகு இந்த இறுக்கம் பெரிதும் தணிந்தது. ஆயினும் சிலனால் தொகுதிகளை முழுவதும் மூடிவிட்டால் பற்றும் தளர்ந்து வலுவூட்டல் குறைவதைக் கண்டதால், ஓரளவே பதப்படுத்திய வகையை இப்போது பயன்படுத்துகிறேன்.

அளவைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஃபில்லர் சேர்த்த ரப்பரின் விறைப்பைக் கணிக்கக் கூத், கோல்டு என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 1938இல் தந்த சமன்பாட்டின்படி, கோளத் துகள்கள் கன அளவில் 10 விழுக்காடு இருந்தால் விறைப்பு 1.39 மடங்காகும், 20 விழுக்காட்டிலோ இரு மடங்கைத் தாண்டிவிடும். ஃபியூம்டு சிலிக்காவின் துகள்கள் கிளைத்த கொத்துகளாகச் சேர்ந்திருப்பதால், விறைப்பு இதைவிட விரைவாக ஏறுகிறது. 45 பங்கு சேர்த்த என் கேஸ்கெட்டுகள் அழுத்தத்தைத் தாங்கின, ஆனால் இரண்டாண்டுகளில் நசுங்கிய வடிவிலேயே நின்றுவிட்டன. அவற்றைக் கழற்றிப் பார்த்த நாளில் மிகவும் வருந்தினேன், ஏனெனில் வலிமைச் சோதனையில் அவைதான் முதலிடம் பெற்றிருந்தன. இப்போது 35 பங்கைத் தாண்டுவதில்லை. அச்சிலிருந்து எடுத்தபின் 200 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரம் மறுபடி சூடேற்றுகிறேன். நசுங்கல் வெகுவாகக் குறைந்துள்ளது.

புதிய சவ்வு முதல் இழுப்பில் காட்டும் விறைப்பை அடுத்தடுத்த இழுப்புகளில் காட்டாது. முல்லின்ஸ் விளைவு எனப்படும் இதை அறியாமல், தொடக்கத்தில் நல்ல சவ்வுகள் பலவற்றைத் தளர்ந்துவிட்டன என்று ஒதுக்கினேன். இப்போது ஒவ்வொரு சவ்வையும் வேலைசெய்யும் நீட்சிக்குச் சற்றே கூடுதலாகப் பத்து முறை இழுத்துவிட்ட பிறகே அளக்கிறேன். அவ்வாறு அளந்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் பொருத்திய 30 பங்குச் சவ்வுகள் வளைந்த இடம் வெளுக்காமல் இன்றும் இயங்குகின்றன.