‘லினக்ஸ் போட்டீங்கல்ல, அதான் சார்!’ சேலத்தில் பழைய சிபியு வாங்கிய கதை

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது. சேலத்தில் பழைய கம்ப்யூட்டர் விற்பவர்களில் நாணயமானவர்களும் உண்டு, அவர்கள் பிழைப்பில் மண் போடுவது என் நோக்கமில்லை. ஆனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி மாதிரி யூனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம் (ஓஎஸ்) போடுவதற்காகப் பழைய சிபியு தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

நாங்கள் இருப்பது ஏற்காட்டில். மாமனாருக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம், ஊடே மிளகு. ஆள் கூலி, மூட்டைக் கணக்கு, பத்துப் பதினைந்து வருடப் போட்டோக்கள் எல்லாம் இரண்டு லேப்டாப்பிலும் நாலு போனிலும் சிதறிக் கிடந்தன. ஒரே இடத்தில் சேர்த்து வைக்க வீட்டுக்கு ஒரு சின்ன சர்வர் போடலாம் என்று ஆசை. பெங்களூரில் வேலை பார்த்தபோது ஃப்ரீபிஎஸ்டி பழகியிருந்தேன். அதில் உள்ள இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம், டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணை வைத்துக்கொள்ளும். திரும்பப் படிக்கும்போது அது ஒத்துவரவில்லை என்றால் உடனே சொல்லிவிடும். கணக்குப் பிள்ளைக்கு வேண்டிய குணம் அதுதானே.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளைப் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஆகவே கம்பெனிகள் கழித்துக்கட்டும் சிபியுக்கள் லாட் லாட்டாகக் கடைகளுக்கு வருகின்றன. நமக்கு யோகம் என்று நினைத்துக்கொண்டு மலை இறங்கினேன்.

நாலாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி டிடிஆர்3 ரேம் இரண்டு, ‘புது’ 1 டிபி ஹார்டு டிஸ்க். விலை 14,500. பத்தாயிரம் யுபிஐ, மீதி ரொக்கம். பில் கேட்டேன். “பில்லுன்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேருமுங்க சார், எஸ்டிமேட் போட்டுத் தரேன். டெஸ்டிங் வாரண்டி 30 நாள் இருக்குதுங்க” என்றார் கடைக்காரர். இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம் என்று தலையாட்டினேன். இந்தக் கதையில் என் சொந்த முட்டாள்தனம் அந்தத் தலையாட்டல்தான். கடைப் பெயர்கூட அச்சடிக்காத ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தேன்.

அன்றிரவே பென் டிரைவில் இன்ஸ்டாலரைப் போட்டு ஆரம்பித்தேன். சுருக்கிக் கட்டியிருக்கும் ஃபைல்களைப் பிரிப்பதற்கு முன் இன்ஸ்டாலர் அவற்றைச் சரிபார்க்கும். முதல் தடவை ஒரு ஃபைல் தப்பு என்றது. மறுபடி ஓட்டினால் அது சரியாம், வேறொன்று தப்பாம். மூன்றாம் தடவை எல்லாமே சரி! பென் டிரைவ்தான் கோளாறு என்று புதிதாக ஒன்று வாங்கினேன். அதில் ஒரு வழியாக ஏறி முடிந்தது. இரண்டே நாள். இசட்எஃப்எஸ்ஸின் நிலவரத்தைக் கேட்டால் சரிபார்ப்புப் பிழை 6 என்றது, அடுத்த நாள் 19.

யூனிக்ஸ்காரர்களிடம் ஒரு பழைய சோதனை உண்டு. ஓஎஸ்ஸின் மையமான கெர்னலை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து, அதாவது மிஷினுக்குப் புரியும் நிரலாக மாற்றிப் பார்ப்பது. ப்ராசஸரையும் ரேமையும் கசக்கிப் பிழிகிற வேலை அது. கம்பைலர் ‘சிக்னல் 11’ (தொடக் கூடாத நினைவக இடத்தைத் தொட்டுவிட்டது என்ற பிழை) என்று சொல்லிச் செத்தால், எங்கே செத்தது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே ஃபைலில் என்றால் பெரும்பாலும் சாஃப்ட்வேர். தடவைக்கு ஓர் இடம் என்றால் ஹார்டுவேரைத்தான் சந்தேகப்பட வேண்டும். நான் நாலு தடவை ஓட்டினேன், நாலு வெவ்வேறு இடங்களில் செத்தது.

மறுபடி மடி, மறுபடி பஸ், மறுபடி கடை. ஸ்கிரீனில் வந்ததைப் போனில் படமெடுத்துப் போயிருந்தேன். அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “லினக்ஸ் போட்டீங்கல்ல, அதான் சார். விண்டோஸுக்குன்னு செஞ்ச மிசினுங்க இது.” லினக்ஸ் இல்லை, ஃப்ரீபிஎஸ்டி என்றேன். “எல்லாம் ஒண்ணுதானுங்க” என்றார். கடைப் பையன் ரேமைக் கழற்றி, அழிரப்பரால் அதன் காலைத் தேய்த்து, ஊதி, திரும்பச் சொருகினான். தேய்ப்பது தப்பில்லை, அழுக்கு இருந்தால் பலன் கிடைக்கும். பிறகு வேறொரு டிஸ்க்கில் இருந்த விண்டோஸைக் கிளப்பி, யூடியூபில் ஒரு பாட்டைப் போட்டு, பத்து நிமிடம் என்னை உட்கார வைத்தார்கள். “ஓடுதில்லீங்களா?”

ஓடியது. ஏன் ஓடியது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. அன்று இரவு சேலத்திலேயே அஸ்தம்பட்டியில் நண்பர் வீட்டில் தங்கி, மெம்டெஸ்ட்86+ போட்ட பென் டிரைவால் சிபியுவைக் கிளப்பினேன். இலவச நிரல்தான். எந்த ஓஎஸ்ஸும் இல்லாமல் நேரடியாக ரேமை மட்டும் சோதிக்கும். நாற்பது நிமிடத்தில் சிவப்பு வரிகள் வந்தன. பிழைகள் எல்லாம் கிட்டத்தட்ட 5 ஜிபி தாண்டிய ஓர் இடத்தில். ஒரு பாட்டு மட்டும் ஓடியபோது விண்டோஸ் அந்த இடத்தைத் தொடாமலே இருந்திருக்கலாம். இசட்எஃப்எஸ்ஸோ காலியாகக் கிடக்கும் ரேமில் பெரும்பகுதியைக் கேஷாக (டிஸ்க்கில் படித்ததைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் இடமாக) எடுத்துக்கொள்ளும் வழக்கமுள்ளது. ஓட்டை இருக்கும் இடத்தில் அது கால் வைத்தே தீரும்.

இரண்டு ரேமையும் தனித்தனியாகச் சோதித்தேன். ஒன்று விடிய விடிய சுத்தம். மற்றது எந்த ஸ்லாட்டில் சொருகினாலும் சிவப்பு. குழம்பக் கூடாது என்று நண்பர் மகளின் சிவப்பு நெயில் பாலிஷை வாங்கி, கெட்டதன் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தேன்.

அப்படியே டிஸ்க்கையும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையால் கேட்டேன். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் ஜாதகத்தைத் தானே எழுதி வைத்திருக்கும். ‘புது’ டிஸ்க் ஓடியிருந்த நேரம் 41,216 மணி. வருடத்துக்கு 8,760 மணி. அதாவது இரவு பகல் நிற்காமல் ஓடினாலும் நாலரை வருடத்துக்கு மேல். படிக்க முடியாமல், கெட்டதா இல்லையா என்ற தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னத் துண்டுகள்) 24. வாங்கிய அன்றே இதைப் பார்த்திருக்கலாம், ஐந்து நிமிட வேலை.

மறுநாள் காலை கடையில் காரணம் மாறியது. “மலை ஏத்தும்போது ஆடியிருக்குமுங்க.” அணைத்து வைத்த டிஸ்க்கில் படிக்கும் முள் ஒதுங்கித்தான் நிற்கும். அப்படியே அடிபட்டிருந்தாலும், 20 வளைவு ஏறினால் 41,000 மணி நேரம் எப்படி ஏறும்? அதற்குப் பிறகு, “மலையில கரண்டு சரியிருக்காதுங்க.” சோதித்தது அஸ்தம்பட்டியில், யுபிஎஸ்ஸில் என்றேன். ரேமை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். டிஸ்க்கை மாற்ற மறுத்துவிட்டார்கள். “எஸ்டிமேட்டுல ‘புது’ன்னு எழுதியிருக்குதுங்களா?” எழுதவில்லைதான்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். எனக்கு வந்த தொல்லைகள் எல்லாம் கடையின் குற்றமில்லை. போர்டில் இருக்கும் நெட்வொர்க் சிப் அதிகமாக டேட்டா போனால் அவ்வப்போது திணறியது. அது டிரைவர் விவகாரம், ஃப்ரீபிஎஸ்டியின் கூடுதல் நிரல் தொகுப்பான போர்ட்ஸில் இருந்த வேறு டிரைவரைப் போட்டதும் அடங்கியது. கரண்டு போய் வந்தால் கடிகாரம் 2013-க்கு ஓடிவிடும். தேதி தப்பென்றால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது, பேக்கேஜ் எதுவும் இறங்காது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, நாற்பது ரூபாய் பட்டன் பேட்டரியில் சரியானது. பழைய மிஷினில் இதெல்லாம் சகஜம், இதற்கெல்லாம் யாரோடும் சண்டை போட மாட்டேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசினேன். பில் இல்லாவிட்டாலும் யுபிஐ பரிமாற்றம், படங்கள், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொன்னார்கள். புகார் பதிவாகியிருக்கிறது. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ரொக்கமாகக் கொடுத்த 4,500-க்குத்தான் என்னிடம் ஒரு அத்தாட்சியும் இல்லை.

நீங்கள் வாங்கப் போனால் மெம்டெஸ்ட் ஒரு பென் டிரைவிலும், ஸ்மார்ட்சிடிஎல் உள்ள ஏதாவது லைவ் லினக்ஸ் (டிஸ்க்கில் ஏற்றாமல் பென் டிரைவிலிருந்தே ஓடுவது) இன்னொன்றிலும் எடுத்துப் போங்கள். பணம் கொடுப்பதற்கு முன் டிஸ்க்கின் ஜாதகத்தைப் பாருங்கள். ரேம் சோதனை ஒரு முழுச் சுற்று ஓடட்டும், பக்கத்தில் டீ குடித்துவிட்டு வரலாம். ஓட்டவே விடமாட்டேன் என்கிற கடையில் உங்களுக்கு வேலை இல்லை. 18 பர்சென்ட் போனால் போகிறது, பில் வாங்கிவிடுங்கள். அதில் டிஸ்க் புதிதா பழையதா என்று எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கெட்ட ரேமை என் கண்முன்னே உடைத்துவிடுங்கள் என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே அதை மற்ற ரேம்கள் கிடக்கும் டிராயரில் போட்டு மூடினார். பச்சை போர்டு, டிடிஆர்3, 4 ஜிபி. வலது ஓரத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு இருக்கும்.