எந்த ராம் நகர்?

இம்முறை ஊருக்கு வந்தபோது சென்னை மடிப்பாக்கம் ராம் நகரில் உள்ள பெரியம்மா வீட்டில் தங்கியிருந்தேன். வாடகைக் கார், சமையல் எரிவாயு, மருந்து என்று எதற்குத் தொலைபேசியில் அழைத்தாலும் மறுமுனையில் முதலில் வந்த கேள்வி, "எந்த ராம் நகர்?" என்பதுதான். வேளச்சேரியிலும் ராம் நகர் உண்டு, நங்கநல்லூரிலும் உண்டு. பெரியம்மாவின் இரத்த அழுத்த மாத்திரையைக் கொண்டு வந்த இளைஞர், வேளச்சேரியில் அதே எண்ணுள்ள குறுக்குத் தெருவில் நின்றுகொண்டு, "வாசல்லதான் இருக்கேன், கேட்டைத் திறங்க சார்" என்றார். அவர் மீது குற்றமில்லை. அவரிடம் இருந்த முகவரி எழுத்துக்கு எழுத்து சரியாகவே இருந்தது.

ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த மடிப்பாக்கத்தில், வயல்கள் மனைகளாகப் பிரிந்தபோது, மனை போட்டவர் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த பெயரில் ஒரு நகரை உண்டாக்கி, உள்ளே காந்தி, நேரு, காமராசர் பெயர்களில் தெருக்களையும், பெயர் தீர்ந்த இடத்தில் முதல் குறுக்கு, இரண்டாம் குறுக்கு என்று எண்களையும் வைத்தார்கள். தனித்தனி ஊராட்சிகளாக இருந்தவரை இதனால் பெரிய இடையூறு இல்லை. 2011இல் மடிப்பாக்கம் உட்பட 42 உள்ளாட்சி அமைப்புகள் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டு, அதன் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது, அத்தனை காந்தி தெருக்களும் ஒரே மாநகராட்சிக்குள் வந்து சேர்ந்தன.

சொத்து வரியை இணையத்தில் கட்டிய வேலை மட்டும் தடையின்றி முடிந்தது. அங்கே தெருப் பெயர் தேவையில்லை. மண்டல எண்ணும் கோட்ட (வார்டு) எண்ணும் பில் எண்ணும் அதன் துணை எண்ணும் போதும். கோட்டம், மண்டலம், அஞ்சல் குறியீடு ஆகியவற்றைத் தாங்கிய மாநகராட்சிப் பெயர்ப் பலகைகளும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அவசரத்தில் முகவரி சொல்லும் முதியவருக்குக் கோட்ட எண் நினைவில் நிற்பதில்லை. அவர் சொல்வது தெருப் பெயரைத்தான். பழைய ஊர்ப்பகுதியின் கோயில் தெருவும் ஏரிக்கரைத் தெருவும் அந்த வகையில் மேலானவை. இடத்தைக் காட்டுவதோடு, மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் சேரும் என்பதையும் பின்னது சொல்லிவிடுகிறது. அத்தகைய பெயர்களை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் தாம்பரம் மாநகராட்சி அமைந்தது. இனியும் பல கிராமங்கள் இவ்வாறு நகரத்தோடு சேரும். அப்போது வரிப் பதிவேடுகளை ஒன்றாக்கும் அதே வேளையில் தெருப் பட்டியல்களையும் ஒப்பிட்டு, இரட்டிக்கும் பெயர்களுக்கு முன்னால் பழைய ஊர்ப் பெயரைச் சேர்த்துப் பலகையிலும் பதிவேட்டிலும் எழுதிவிட வேண்டும்.