சந்தையை இடித்துக் கட்டச் சம்மதம் பெறுவது: கூட்டமா, சங்கமா, கடைக்குக் கடை கடிதமா?

நகராட்சிச் சந்தையையோ பேருந்து நிலையக் கடைகளையோ இடித்துவிட்டு அடுக்குமாடி வணிக வளாகம் கட்டுவதற்கு ஊர்ச் சம்மதம் பெற மூன்று வழிகள் உண்டு. மண்டபத்தில் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்கலாம். வியாபாரிகள் சங்கத்தோடு பேசி முடிக்கலாம். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, எழுத்தில் உறுதி கொடுக்கலாம். செலவு குறைந்தது முதலாவது, வேகமானது இரண்டாவது. இடிக்கும் நாள் வரை நிலைத்து நிற்பது மூன்றாவதுதான்.

கூட்டத்தைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்பது சரி. ஆனால் அந்த அனுமதிக்கான மத்திய அரசின் 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை பொதுவாகக் கட்டடத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்குத் தருகிறது. ஆகவே கூட்டம் நாமாகப் போடுவது. போட்டால் ஒழுங்காகப் போட வேண்டும். மாலை ஆறு மணிக்கு வைத்தால் வியாபார நேரம், கடைக்காரர் வரமாட்டார். வந்தவர்களும் திரையில் காட்டும் வண்ணப் படத்தைப் பார்ப்பதில்லை. “என் கடை எங்கே, வாடகை எவ்வளவு?” என்பார்கள். “பரிசீலிக்கப்படும்” என்று அதிகாரி சொன்ன மறுநிமிடமே மண்டபம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். கூட்டம் பயன்படுவது அக்கம்பக்கத்துக் குடியிருப்பவர்களிடம்தான்: அடித்தளம் தோண்டும்போது நீரை இறைத்தால் கிணறு வற்றுமா, மண் லாரி எத்தனை மணிக்கு வரும், வண்டியை எங்கே நிறுத்துவது. அதையும் தெருவுக்கொன்றாகச் சிறிய கூட்டங்களாக வைத்தால்தான் பதில் சொல்ல முடியும்.

சங்கத்தோடு பேசுவது சுலபம். பத்துப் பேர், ஒரு மேசை, ஒரு ஒப்பந்தம். கையெழுத்துப் போடுபவர் யாருக்காகப் போடுகிறார் என்பதில்தான் சிக்கல். நகராட்சிப் பதிவேட்டில் இருக்கும் உரிமதாரர் ஒருவர், உள்வாடகைக்கு எடுத்துக் கடையை நடத்துபவர் வேறொருவர். முன்னவருக்குப் புதுக் கடை லாபம். பின்னவருக்கு அன்றோடு பிழைப்பு போயிற்று. மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் ஒரே சந்தையில் இருந்தாலும் அவர்கள் கணக்கு வேறு. சுமைப்பணித் தொழிலாளர்களும் தரைக்கடைக்காரர்களும் அந்தச் சங்கத்தில் இருக்கவே மாட்டார்கள். தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் தனிப் பாதுகாப்புத் தருகிறது: தெருவோர வியாபாரத்தை ஒழுங்குபடுத்த ஊர்தோறும் அமைக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் அவர்களின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், இடம் மாற்ற 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். இதைத் தாண்டிச் சங்கத்தோடு மட்டும் முடித்தால் வழக்கு வரும்.

அமைப்புகளின் கையெழுத்து மட்டும் போதாது என்பதற்கு வெளிநாட்டு உதாரணம்: நியூயார்க்கின் புரூக்ளினில் 2005இல் அட்லாண்டிக் யார்ட்ஸ் என்ற பெரிய கட்டுமானத் திட்டத்துக்குச் சமூகப் பயன் ஒப்பந்தம் போட்டார்கள். உள்ளூர் அமைப்புகள் ஆதரவு தர, கட்டுமான நிறுவனம் ஊருக்குச் சில உறுதிகளைக் கொடுக்கும் ஒப்பந்தம் அது. கையெழுத்திட்ட அமைப்புகளில் சிலவற்றுக்குக் கட்டுமான நிறுவனமே பணம் கொடுத்தது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்த சுயேச்சைக் கண்காணிப்பாளரை நியமிக்கவே இல்லை. கையெழுத்து இருந்தது, எதிர்ப்பும் அடங்கவில்லை.

நம்மூரில் பார்க்க வேண்டியது திருச்சி. காந்தி மார்க்கெட் வியாபாரிகளுக்காகக் கள்ளிக்குடியில் 77 கோடி ரூபாய்ச் செலவில், சுமார் 1,000 கடைகளோடு வளாகம் கட்டினார்கள். கடைகள் சிறியவை, ஊரிலிருந்து தொலைவு என்று வியாபாரிகள் போகவில்லை. கட்டுவதற்கு முன் கடையின் அளவைத் தரையில் சுண்ணாம்புக் கோட்டால் வரைந்து, மூட்டைகளை அடுக்கிக் காட்டியிருந்தால் முதல் புகாராவது அன்றே தெரிந்திருக்கும். சென்னையில் காய்கறி மொத்தச் சந்தை கொத்தவால் சாவடியிலிருந்து 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியது வேறு கதை. அங்கே கடைகளை வியாபாரிகளுக்கே விற்றார்கள், பழைய இடத்தில் மொத்த வியாபாரத்துக்குச் சட்டம் தடையும் போட்டது. மாநில அரசு பின்னால் நின்றால்தான் அந்த வழி நடக்கும்; ஒரு நகராட்சியால் முடியாது.

கடைக்குக் கடை போவதற்கு முதல் வேலை கணக்கெடுப்பு. கடை எண், உரிமதாரர், உண்மையில் நடத்துபவர், சதுர அடி, சரக்கு, மின் இணைப்பு எண், லோடு இறங்கும் நேரம் எல்லாம் ஒரே படிவத்தில் வர வேண்டும். கணக்கெடுப்புக்கு ஒரு கடைசித் தேதியை அறிவிக்காவிட்டால் புதுக் கடைகள் முளைக்கும். நாளைக்குப் பதினைந்து கடை என்றால் 300 கடைக்கு இருபது வேலைநாள். பூட்டியிருந்த கடைகளுக்கு மறுபடி போவதையும் சேர்த்து ஒன்றரை மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கடிதம். தற்காலிகக் கடை எண், புதுக் கடையின் தளமும் பரப்பும், வாடகையைக் கணக்கிடும் முறை, முன்வைப்புத் தொகை, கட்டுமானம் தாமதமானால் என்ன நிவாரணம் என்பவை அதில் இருக்க வேண்டும். நகர்மன்றத் தீர்மான எண் இல்லாத கடிதத்தை அடுத்து வரும் ஆணையர் மதிக்கமாட்டார்.

இந்த வழி உடைவது தரைத்தளத்தில். எல்லோருக்கும் அதுதான் வேண்டும். படிக்கட்டு, லிஃப்ட், வண்டி நிறுத்தம் போக மிச்சமிருக்கும் இடமோ போதாது. காய்கறி, மீன், பூவை மாடிக்கு ஏற்றினால் வாங்குபவர் ஏறமாட்டார். துணி, தையல், பழுதுபார்க்கும் கடைகளை வாடகையைக் குறைத்து மேலே வைக்கலாம். ஒவ்வொரு வகைக்குள்ளும் குலுக்கல் போடுங்கள். வரைபடம் இறுதியாவதற்கு முன் போட்டால் திரும்பப் போட வேண்டியிருக்கும், அதோடு நம்பிக்கை போய்விடும்.

பழைய சந்தையை இடிக்கும் முன்பே தற்காலிகச் சந்தை ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். வெறும் கொட்டகை போதாது: தண்ணீர், கழிப்பறை, விளக்கு, மீன் கடைக்கு வடிகால், லாரி திரும்ப இடம். மாற்றத்தைத் தீபாவளி, பொங்கல் வியாபாரம் முடிந்த பிறகு வையுங்கள். ஐப்பசியில் காலி செய்யச் சொன்னால் கடிதம் வாங்கியவரும் மறியலுக்கு வருவார்.