ஹேவிங்கா, சப்குவெரியா, விண்டோ ஃபங்ஷனா?

சினூக் என்று ஒரு மாதிரி டேட்டாபேஸ் உண்டு. டிஜிட்டல் இசைக்கடை ஒன்றின் கணக்கு. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் (SQL) கற்பவர்கள் பலர் அதில்தான் கை பழகுகிறார்கள். அதன் இன்வாய்ஸ் டேபிளில் 24 நாடுகளின் 412 பில்கள் இருக்கின்றன. எந்தெந்த நாட்டில் மொத்த விற்பனை 100 டாலரைத் தாண்டியது என்று கேட்டுப் பார்ப்போம். இப்படிக் கூட்டிய தொகையை வடிகட்ட, தலைப்பில் உள்ள மூன்று வழிகளில் எது எப்போது பொருந்தும் என்பதுதான் விஷயம்.

ரோக்களை (வரிசைகளை) வடிகட்டும் வேர் (WHERE) பகுதியில் 'டோட்டல் > 100' என்று போட்டால் ஒன்றுமே வராது. வேர் ஒவ்வொரு பில்லாகப் பார்க்கிறது. இருப்பதிலேயே பெரிய பில்லே 25.86 டாலர்தான். சரி, வேருக்குள்ளேயே சம் (SUM, கூட்டல்) போடலாமே என்றால் பிழை காட்டும். ரோக்களைக் குழுக்களாகச் சேர்க்கும் குரூப் பை (GROUP BY) தொடங்குவதற்கு முன்பே வேரின் வேலை முடிந்துவிடுகிறது.

நாடுவாரியாகக் குரூப் செய்து, குழுக்களை வடிகட்டும் ஹேவிங்கை (HAVING) வைத்து 'ஹேவிங் சம்(டோட்டல்) > 100' என்று எழுதினால் 6 நாடுகள் வருகின்றன. அமெரிக்கா 523.06 டாலரோடு முதலில் நிற்கிறது, பிரிட்டன் 112.86 டாலரோடு கடைசியில். இந்தியா 75.26 டாலரில் நின்றுவிடுகிறது. இந்த மாதிரிக் கேள்விக்கு ஹேவிங்தான் என் முதல் தேர்வு. படித்த உடனே நோக்கம் புரிகிறது.

ஆனால் வேரில் இருக்க வேண்டிய நிபந்தனையை ஹேவிங்கில் தள்ளுவதை நான் ஏற்கமாட்டேன். 'கனடா வேண்டாம்' என்பது வேருக்கு உரியது. குரூப் செய்வதற்கு முன்பே அந்த ரோக்கள் கழிந்துவிட வேண்டும். போஸ்ட்கிரஸ் போன்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் தாமாகவே அதை முன்னே நகர்த்தும்தான், ஆனாலும் அடுத்து படிப்பவருக்காகச் சரியான இடத்தில் எழுதுங்கள்.

சப்குவெரி (குவெரிக்குள் இன்னொரு குவெரி) அல்லது சிடிஇ (CTE, பெயர் வைத்த தற்காலிக விடை) வழியில், உள்ளே கூட்டி, வெளியே வேரால் வடிகட்டுகிறோம். இந்தக் கேள்விக்கு அது வீண் சுற்று. ஆனால் 'நாடுகளின் சராசரி விற்பனையைவிட அதிகம் விற்றவை எவை' என்று கேட்டால் சிடிஇ பளிச்சென்று இருக்கும்: நாட்டு மொத்தங்களை ஒருமுறை கணக்கிட்டு, பெயர் வைத்து, அதையே இரண்டு இடத்தில் பயன்படுத்தலாம். அப்புறம், கூட்டுத்தொகைக்கு வைத்த மாற்றுப்பெயரை மைஎஸ்க்யூஎல் ஹேவிங்கில் ஏற்கும், போஸ்ட்கிரஸ் ஏற்காது. சிடிஇயில் அந்தச் சிக்கல் இல்லை.

விண்டோ ஃபங்ஷனின் இடம் வேறு. அந்த 6 நாடுகளின் பில்கள் ஒவ்வொன்றும் கையில் வேண்டுமென்றால் ஹேவிங் மட்டும் போதாது. அது குரூப்புக்கு ஒரு ரோதான் தரும். நாடுவாரியாகப் பார்ட்டிஷன் செய்து (பிரித்து) விண்டோ ஃபங்ஷனாகச் சம் எடுத்தால் 412 ரோக்களும் அப்படியே இருக்கும், பக்கத்தில் நாட்டு மொத்தமும் வரும். அதை வடிகட்டினால் 266 பில்கள் மிஞ்சும். வேரிலோ ஹேவிங்கிலோ விண்டோ ஃபங்ஷனை எழுத முடியாது, வெளியே இன்னொரு குவெரி சுற்ற வேண்டும். டெரடேட்டா, ஸ்னோஃப்ளேக், பிக்குவெரி, டக்டிபி ஆகிய டேட்டாபேஸ்களில், விண்டோ ஃபங்ஷனின் விடையை நேரடியாக வடிகட்டும் குவாலிஃபை (QUALIFY) இருப்பதால் அந்தச் சுற்றல் மிச்சம்.

கூட்டிய எல்லாவற்றையும் பைத்தான் நிரலுக்குள் இழுத்து அங்கே வடிகட்டுவதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

பூஜ்யத்தைத் தேடும்போது மட்டும் ஹேவிங்கை அவசரமாக நம்பாதீர்கள். சினூக்கில் 8 ஊழியர்கள். வாடிக்கையாளர்கள் 3 பேரிடம் மட்டுமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறார்கள். வாடிக்கையாளரே இல்லாத ஊழியர்கள் யார் என்று அறிய, வாடிக்கையாளர் டேபிளை மட்டும் ஊழியர்வாரியாகக் குரூப் செய்து 'ஹேவிங் கவுண்ட்(*) = 0' என்று கேட்டால் விடை காலி, ஏனென்றால் ரோவே இல்லாதவருக்குக் குரூப்பே உருவாகாது. ஊழியர் டேபிளிலிருந்து லெஃப்ட் ஜாயின் (பொருத்தம் இல்லாவிட்டாலும் முதல் டேபிளின் ரோக்களை விடாத இணைப்பு) போட்டு, நட்சத்திரத்துக்குப் பதிலாக வாடிக்கையாளர் ஐடியை எண்ணுங்கள். மீதி 5 பேரும் வந்துவிடுவார்கள்.