தேனுக்கு இ.சி. பேனா வாங்கலாமா?

இ.சி. பேனா என்பது ஒரு கரைசல் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது (கடத்துதிறன்) என்று காட்டும் சிறு கருவி. ஆர்ஓ தண்ணீர் பார்க்கிற டிடிஎஸ் பேனா தேனுக்கு உதவாது. அது காட்டுவது பிபிஎம், கடத்துதிறனை 0.5-ஆல் பெருக்கியதா, 0.7-ஆலா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மைக்ரோசீமென்ஸ் காட்டும் இ.சி. பேனாவாக, 1413 மைக்ரோசீமென்ஸ் அளவுள்ள தரக் கரைசலில் சரிபார்க்கக்கூடியதாக வாங்குங்கள்.

தேனின் தாதுக்களில் பெரும்பங்கு பொட்டாசியம். தாது கூடினால் கடத்துதிறனும் கூடும். தாது எவ்வளவு என்று அறியத் தேனை எரித்துச் சாம்பலை எடைபோட உலை வேண்டும். பேனாவுக்குச் சில நிமிடம் போதும்.

20% ஈரப்பதமுள்ள தேன் என்றால் 12.5 கிராம் எடுத்து, டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, மொத்தத்தை 50 மி.லி. ஆக்க வேண்டும். 50 மி.லி. தண்ணீரை அளந்து அதில் தேனை ஊற்றுவது வேறு கணக்கு. பலர் சறுக்குவது இங்கேதான். முதலில் தண்ணீரை மட்டும் பாருங்கள்: 10 மைக்ரோசீமென்ஸைத் தாண்டினால் வேறு பாட்டில். முனையில் காற்றுக்குமிழி ஒட்டினால் அளவு குறைந்து காட்டும், மெல்ல ஆட்டிவிடுங்கள்.

அடுத்த வில்லங்கம் வெப்பநிலை. தேனுக்கான வரம்புகள் 20 டிகிரிக்கு. பேனாவோ எதையும் 25 டிகிரிக்கு மாற்றிக் காட்டும், அதுவும் டிகிரிக்கு 2% என்று. தேன் கரைசல் மாறுவது 3.2%. இதை அணைக்கும் வசதி மலிவு பேனாக்களில் பெரும்பாலும் இல்லை. கரைசலைச் சரியாக 25 டிகிரியில் வைத்து அளந்து, 16% கழித்துவிடுங்கள். 500 காட்டினால் 420, அதாவது 0.42 மில்லிசீமென்ஸ். அதில் 0.143 கழித்து 1.743-ஆல் வகுத்தால் சாம்பல் ஏறக்குறைய 0.16%.

சர்வதேச உணவுத் தரநிலையான கோடெக்ஸ் விதிப்படி பூந்தேன் 0.8 மில்லிசீமென்ஸைத் தாண்டக் கூடாது. செடிப்பூச்சிகள் கசியும் இனிப்பிலிருந்து தேனீ சேர்க்கும் தேன் அதற்குக் குறையக் கூடாது. யூகலிப்டஸ், மனுகா போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. கொசுத்தேனில் (கொடுக்கில்லாத சிறு தேனீயின் தேன்) புளிப்பும் ஈரமும் அதிகம்; இந்த வரம்பை அதற்கு வைத்துப் பார்க்காதீர்கள்.

கலப்படத்தைப் பிடிக்குமா? பாதிதான். சர்க்கரைப் பாகு அளவைக் கீழே இழுக்கும், ஆனால் கடுகுப்பூத் தேனுக்கும் இயல்பிலேயே குறைவுதான். வெல்லப்பாகிலோ தாது நிறைய, அளவை ஏற்றிவிடும். இரண்டையும் கலந்தால் பேனா வாயைத் திறக்காது. கறுத்த தேனில் 0.2 வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்: நிறம் பூவிலிருந்து வராமல், காய்ச்சியதால் வந்திருக்கலாம்.

பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் மொத்தமாக வாங்கிப் பாட்டிலில் அடைப்பவர்களுக்கும் ஈரப்பதம் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரோடு சேர்த்து இது தாராளமாக உதவும். வீட்டுக்கு ஒரு பாட்டில் வாங்குபவருக்கு வீண்செலவு.